தவில் பேசிற்று; கலைஞர் பேசினாரா?

யாழ்ப்பாணத்தில் ஒரு திருவிழா சிறப்புற்றதா, சோர்ந்ததா என்பதை அளக்கும் கோல் மேளமேயாகும். சாத்துப்படியின் அழகையும் தேரின் உயரத்தையும் பேசி முடித்தபின், "மேளம் யார்?" என்று ஒருவர் கேட்பார். அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே அடுத்த இரவு வீதியில் கூடும் கூட்டம் தீர்மானிக்கப்படும். தவில் சமா தொடங்கிவிட்டால் நேரம் போவதை எவரும் உணர்வதில்லை. கற்பூரம் அணைந்தாலும், சுவாமி இருப்பிடம் சேர்ந்தாலும், மணலிற் குந்தியிருப்போர் எழுவதில்லை.

இத்தனை அன்பு கொண்ட நாம், அந்தத் தவிலுக்குப் பின்னால் அமர்ந்திருந்த மனிதரைப் பற்றி எவ்வளவு அறிவோம்? அவர் எந்த வயதிற் குச்சியைக் கையிலெடுத்தார், யாரிடம் பயின்றார், எந்தக் கச்சேரியில் எந்தக் கணக்கைப் புதிதாகக் கண்டார், அவருடைய பிள்ளை ஏன் அத்தொழிலுக்கு வரவில்லை என்று கேட்டால், பெரும்பாலும் நம்மிடம் விடையில்லை. வாத்தியம் பேசியதைக் கேட்டோம். வாசித்தவர் பேசுவதற்கு இடமளித்தோமல்லோம்.

இக்குறையின் அளவை உணர்வதற்கு, கடல் கடந்த வேறோர் இசையின் கதை நமக்கு உதவுகின்றது. அது அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையின் கதை.

ஒலியின்றி மறைந்த கலைஞர்

ஜாஸ் இசை பிறந்த ஊர் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரம் என்பர். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஞாயிற்றுக்கிழமைகளிற் கொங்கோ சதுக்கம் என்ற வெளியிற் கூடி முழவு கொட்டி ஆடினர். அவர்களுடைய தாளமும், தேவாலயப் பாடலும், வயலில் வேலை செய்வோரின் பாடலும், ஐரோப்பியரின் பித்தளை வாத்தியங்களும் பல்லாண்டுகள் கலந்து விளைந்ததே ஜாஸ். எழுதிய சுரத்தை எழுதியவாறே வாசிப்பது அதன் இலக்கணம் அன்று. தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்த வேளையின் உள்ளத்துக்கேற்ப அதனை விரித்து வாசிப்பதே அதன் உயிர்.

அவ்வூரில் பட்டி போல்டன் என்றொருவர் இருந்தார். 1877 இற் பிறந்த அவர் ஊதிய கொர்னெற் என்னும் பித்தளைக் குழலின் ஓசை நெடுந்தூரம் கேட்குமாம். ஜாஸ் இசையின் முதல்வர்களுள் ஒருவராக அவரைப் போற்றுவர். 1907 இற் சித்தம் கலங்கி மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு, 1931 இல் அங்கேயே மறைந்தார். அவர் ஊதிய ஓசை ஒன்றேனும் இன்று ஒலிப்பதிவாகக் கிடைக்கவில்லை. அவ்வாறாயின் அவரை உலகம் எவ்வாறு அறிந்தது? அவரைக் கேட்டவர்கள் பிற்காலத்தில் உரையாடல்களிற் கூறியவற்றைக் கொண்டே அறிந்தது. இசை காற்றோடு போயிற்று. பேச்சு அதன் நிழலைக் காத்துத் தந்தது.

1938 இல், அலன் லோமாக்ஸ் என்ற 23 வயது இளைஞர், ஜெலி றோல் மோட்டன் என்ற ஜாஸ் கலைஞரை வாஷிங்டன் நகரின் காங்கிரஸ் நூலகத்துக்கு அழைத்துச்சென்று பியானோவின் முன் அமர்த்தினார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதே இளைஞரின் பணி. மோட்டனோ பியானோவைத் தடவியவாறு தம் பிள்ளைப் பருவத்தையும், ஊரின் வழக்கங்களையும், தம்மோடு போட்டியிட்டவர்களின் வாசிப்பையும் மணிக்கணக்காகக் கூறினார். இடையிடையே வாசித்தும் காட்டினார். எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பதிவு இன்றும் உள்ளது. மோட்டன் 1941 இல் இறந்தார். மூன்றாண்டு தாமதித்திருந்தால் யாவும் அவரோடு மண்ணாகியிருக்கும்.

அதன்பின் 1955 இல், ஜாஸ் இசையின் வரலாற்றைக் கலைஞர்களின் சொற்களாலேயே தொகுத்த நூலொன்று நற் ஷாப்பிரோ, நற் ஹென்ரோவ் ஆகிய இருவரின் முயற்சியால் வெளிவந்தது. 1958 இல் நியூ ஓர்லியன்சின் ரியூலேன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டு, முதிய கலைஞர்களின் வாய்மொழி ஒலிநாடாக்களிற் சேர்க்கப்பட்டது. முடிதிருத்துவோர், துறைமுகத் தொழிலாளர், சவ ஊர்வலங்களில் வாசித்தோர் எனப் பல திறத்தினரின் பேச்சும் பல்கலைக்கழகத்தின் பேணுதலுக்கு உரியதாயிற்று.

இரு இசைக்கும் உள்ள உறவு

ஜாஸ் எங்கே, நம் மேளம் எங்கே என்று வாசகர் வினவலாம். இரண்டின் இராக நெறியும் வேறு. வழிபாட்டோடு கொண்ட தொடர்பும் வேறு. ஆயினும் அக்கணத்திலேயே படைக்கும் கலை என்ற வகையில் இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை.

நாதஸ்வர வித்துவான் தோடியை ஆலாபனை செய்யும்போது அவர் முன்னே ஏடு எதுவுமில்லை. குருவிடம் பெற்ற பிடிகளும், முன்னோர் வாசிக்கக் கேட்ட நினைவும், அன்றைய மனநிலையும் ஒன்றுகூடி இராகம் உருவாகின்றது. தவிலின் நிலையும் அதுவே. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நான்காகப் பகுத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 அட்சரம். இரண்டு ஆவர்த்தனத்துக்கு 64. இப்போது தகதகிட என்ற ஐந்தெழுத்துச் சொல்லை நான்கு முறை அடுக்கினால் 20 ஆகும். அதனை மும்முறை வாசித்து, இடையில் வரும் இரு இடைவெளிகளிலும் இரண்டிரண்டு அட்சரம் விட்டால் 60 உம் 4 உம் சேர்ந்து 64 ஆகி, அடி தவறாது சமத்தில் வந்து விழும். இது மாணவனும் காகிதத்திற் போட்டுப் பார்க்கக்கூடிய எளிய கணக்கு. பெரிய வித்துவான்கள் இதனினும் பன்மடங்கு சிக்கலான கணக்குகளைக் கச்சேரியின் நடுவே, கை ஓடிக்கொண்டிருக்கும் வேகத்திலேயே கட்டி அவிழ்க்கின்றனர்.

இரு தவில்கள் எதிரெதிர் அமர்ந்து தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது நிகழ்வதும் உரையாடலே. முதல்வர் ஒரு நீண்ட சொற்கோவையை வைப்பார். மற்றவர் அதனை வாங்கி விடை கூறுவார். பின்னர் நான்கு ஆவர்த்தனம் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, ஒன்று பாதியாகிக் குறைந்துகொண்டே வந்து, முடிவில் இருவரும் ஒருமித்துத் தீர்மானத்தை வாசிப்பர். குறைப்பு என்று நாம் வழங்கும் இதற்கு ஜாஸ் அரங்கிலும் ஓர் ஒப்புமை உண்டு. குழலூதுபவரும் முழவு வாசிப்பவரும் நந்நான்கு அளவையாக மாறிமாறி வாசித்துப் பேசிக்கொள்வர். மொழி வேறாயினும் விளையாட்டு ஒன்றே.

1958 இல் டேவ் புரூபெக் என்ற ஜாஸ் கலைஞர் தம் குழுவினரோடு துருக்கி, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிற் பயணம் செய்தார். இஸ்தான்புல் நகரத் தெருக் கலைஞர்களிடம் ஒன்பது எண்ணிக்கையில் அமைந்த ஒரு தாளத்தைக் கேட்டு வியந்து, அதனைத் தழுவி ஓர் உருப்படியை இயற்றினார். மறு ஆண்டில் அவருடைய குழுவினர் ஐந்து எண்ணிக்கையில் வாசித்த 'ரேக் பைவ்' என்னும் உருப்படி பின்னர் உலகப் புகழ் பெற்றது. நாலு எண்ணிக்கையிலேயே பழகிய காதுகளுக்கு ஐந்து பெரும் புதுமையாயிற்று. நம்மூர்த் தவில் பயிலும் சிறுவனுக்கோ கண்டமும் சங்கீர்ணமும் பாலபாடத்தின் பகுதிகள். 1963 இல் டியூக் எலிங்டனின் பெரிய குழுவும் கொழும்புக்கு வந்து சென்றது.

பிற்காலத்தில் இவ்வுறவு நேராகவே மலர்ந்தது. நாதஸ்வர வித்துவான் ஒருவரின் மகனாகக் கருநாடக மாநிலத்திற் பிறந்த கத்ரி கோபால்நாத் (1949–2019) ஜாஸ் கலைஞரின் வாத்தியமாகிய சக்ஸபோனைக் கருநாடக இசைக்கு வசப்படுத்தினார். அவரும் அமெரிக்க ஜாஸ் கலைஞராகிய ருத்ரேஷ் மகாந்தப்பாவும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு 2008 இல் வெளிவந்தது.

இணுவிலும் அளவெட்டியும்

நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக்கு நிகராக நாம் சுட்டக்கூடிய ஊர்கள் வலிகாமத்திலேயே உள்ளன. இணுவில், அளவெட்டி, கோண்டாவில் ஆகியவற்றின் பெயரைச் சொன்னாலே மேளத்தின் ஓசை காதில் விழும். தென்மராட்சியிற் சாவகச்சேரியும் அவ்வாறே. தஞ்சைப் பகுதியிலிருந்து கோயிற் பணிக்காக வந்து குடியேறிய கலைக் குடும்பங்களும், அவர்களோடு கலந்து இம்மண்ணில் வளர்ந்த குடும்பங்களும் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தன. திருவிழாக் காலத்தில் தமிழகத்து வித்துவான்கள் இங்கே வருவதும், நம்மவர் அங்கே சென்று பயில்வதும் வாசிப்பதும் நெடுங்கால வழக்கு. கடல் இக்கலைக்குத் தடையாக அன்றி வழியாகவே இருந்தது. 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே நடைபெற்ற கப்பற் சேவையும் 1980களில் நின்றது. அவ்வழி அடைபட்டபோது கலைக்கும் ஒரு நரம்பு அறுந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்ததை இக்கண்கொண்டும் நாம் நோக்குதல் வேண்டும்.

இணுவிலில் 1933 இல், தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்தவர் தட்சிணாமூர்த்தி. தமிழகத்துக்கும் சென்று நாச்சியார்கோவில் இராகவப்பிள்ளையிடம் பயின்றார். தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்கு வாசித்து, அந்நாட்டுத் தவில் மேதைகளோடு எதிர்நின்று, ஈழத்தின் பெயரை அங்கே நிலைநாட்டினார். அளவெட்டியில் வாழ்ந்த அவர், 1975 இல், 42 வயது நிறையுமுன்னரே காலமானார். ஊர்ப் பெயரை முன்னிட்டு 'யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி' என்று இன்றும் தமிழுலகம் அவரை அழைக்கின்றது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் அளவிற் கழிந்தபின், தமிழகத்து அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2014 ஆம் ஆண்டுப் படங்களுக்கான இந்திய தேசிய விருதுகளில் அதற்கும் ஒன்று கிடைத்தது. அவரோடு வாசித்தவர்களும் அவரை நேரிற் கேட்டவர்களும் கூறிய சொற்களே அத்தகைய முயற்சிக்கு முதுகெலும்பு. அவர் உயிரோடிருந்த காலத்தில் ஒருவர் எதிரே அமர்ந்து, "இந்தக் கணக்கு எங்ஙனம் தோன்றிற்று?" என்று கேட்டுப் பதிந்திருந்தால், இன்றைய மாணவனுக்கு அது எத்தகைய செல்வமாயிருக்கும்!

அளவெட்டி என். கே. பத்மநாதனின் (1931–2003) நாதஸ்வரத்தை நல்லூர்த் திருவிழாவிற் கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. அத்தலைமுறையும் முதுமை எய்திவிட்டது என்பதே கவலைக்குரிய செய்தி.

கலைஞரோடு பேசினால்

மேளக் கலைஞர் வாய் திறந்தால் இசை மட்டுமன்றி ஒரு வாழ்வே வெளிப்படும். பொழுது புலருமுன் தொடங்கும் சாதகத்தைச் சொல்வார். தவிலைத் தொடுமுன்னர்ச் சொற்கட்டை வாயாற் சொல்லிக் கையால் தாளம் போட்டுப் பழகிய நாட்களைச் சொல்வார். வலக்கை விரல்களில் இடும் கூட்டைத் துணிச் சுருளாலும் பசையாலும் செய்து உலர்த்தி இறுக்கும் பக்குவத்தையும், பலாமரக் கட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், இடக்கைக்குரிய பூவரசங் குச்சியின் கனத்தையும் சொல்வார். நாதஸ்வரக்காரரோ சீவாளி ஒன்றைப் பற்றியே ஒரு மாலைப் பொழுது முழுவதும் பேசக்கூடியவர். திருவாவடுதுறைச் சீவாளி கிடைப்பது அரிதான ஆண்டுகளில், இருந்த ஒன்றைக் கண்ணெனக் காத்த கதைகள் அவர்களிடம் உண்டு.

சுவாமி புறப்படும்போது மல்லாரி, வீதி வலத்தில் இராகம், இருப்பிடம் சேர்கையில் வேறு உருப்படி எனக் கோயிலுக்குக் கோயில் மரபு உண்டு. எந்தக் கோயிலின் எந்த வீதியில் எது வாசிப்பது வழக்கம் என்ற அறிவு நூல்களில் முழுமையாக எழுதப்படவில்லை. வாசித்தவர்களின் நெஞ்சிலேயே உள்ளது. அவர்களுடைய இல்லத்தரசிகளிடமும் கேட்டல் வேண்டும். மாதக்கணக்கிற் கணவர் ஊரூராகத் திரிந்த காலத்திற் குடும்பத்தைத் தாங்கியவர்களும், எந்த ஆண்டு எந்தக் கோயில் என்பதைப் பிள்ளைகளின் பிறப்போடு சேர்த்து நினைவில் வைத்திருப்பவர்களும் அவர்களே.

இருக்கை பற்றிய வினா

உரையாடல் சற்று ஆழமானால், கேட்பவருக்கு நாணம் தரும் செய்திகளும் வெளிவரும். வாசிப்பைப் போற்றிய நம் சமூகம், வாசித்தவரை எங்கே அமர்த்தியது? முன்னாளில் முதிய வித்துவானையும் கலியாண வீட்டு இளைஞர் ஒருமையில் அழைத்ததையும், இருக்கையிலும் பந்தியிலும் வேறுபாடு காட்டியதையும் நம் முதியோர் அறிவர். தெய்வத்தின் முன் முதலில் ஒலிக்க வேண்டிய வாத்தியத்தைத் தந்துவிட்டு, மனிதரின் முன் கடைசியில் நிற்கச் செய்த முரண்பாடு அது.

அமெரிக்காவிலும் நிலைமை அவ்வாறே இருந்தது. 1927 முதல் நியூயோர்க் நகரத்துக் கொட்டன் கிளப்பில் எலிங்டனின் குழு வாசித்தது. மேடையிற் கறுப்பினக் கலைஞர், ஆசனங்களில் வெள்ளையர். கலைஞரின் சொந்த இனத்தார் அங்கே அமர்ந்து கேட்க இயலாது. தமிழகத்தில் நாதஸ்வரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956), மேலங்கி அணிவதும் மேடையில் அமர்ந்து வாசிப்பதும் தம் உரிமையென நிலைநாட்டியது தற்பெருமையால் மட்டுமன்று. ஒரு கலைக் கூட்டம் முழுவதன் தலையையும் அது நிமிரச் செய்தது.

மாணவர்கள் சிறப்பாக அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1957 செப்டெம்பரில், லிட்டில் ரொக் என்ற அமெரிக்க நகரில், வெள்ளையர் பயின்ற பாடசாலைக்குள் கறுப்பினப் பிள்ளைகள் நுழையாதவாறு தடுக்கப்பட்டனர். அவ்வேளை, வடக்கே சிறு நகரொன்றுக்கு வாசிக்கச் சென்ற லூயி ஆம்ஸ்ட்ரோங்கை 21 வயது மாணவ நிருபர் ஒருவர் சந்தித்து அதுபற்றி வினவினார். எப்போதும் புன்னகையோடு தோன்றிய அக்கலைஞர் சினந்து, நாட்டின் தலைவரையே கண்டித்துப் பேசினார். அரசின் சார்பிற் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த பயணத்தையும் மறுத்தார். அச்செய்தி உலகெங்கும் பரவிற்று. புன்னகைக்குப் பின்னால் இருந்த நெஞ்சத்தை வெளிக்கொணரப் பெரும் பத்திரிகையாளர் எவரும் தேவைப்படவில்லை. மதிப்போடு ஒரு மாணவர் கேட்ட கேள்வி போதுமாயிற்று.

இனியும் தாமதிக்கலாமா?

நாம் இழந்தவை பல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தனர். அந்நடையில் ஒலிநாடாப் பெட்டியைச் சுமந்தோர் எத்தனை பேர்? மீண்டு வந்தபோது வீடே இல்லாதவர்க்கு நாடா ஏது? ஆகையால், எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. லோமாக்ஸ் பாரமான கருவிகளைக் கொண்டு செய்ததை, இன்று நம் பிள்ளைகளின் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசி செய்துவிடும். ஈழத்தமிழரின் எழுத்தாவணங்களை 2005 முதல் இணையத்திற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் பேணிவருகின்றது. வேண்டுவது ஒரு மாலை நேரமும், கேட்கும் பண்புமே.

எவ்வாறு கேட்பது? "உங்கள் சாதனை யாது?" என்றால் அடக்கமுடைய கலைஞர் சிரித்துவிட்டுச் சும்மாயிருப்பார். "ஐயா, உங்கள் முதற் கச்சேரிக்கு எதில் ஏறிப் போனீர்கள்?" என்று கேட்டாற் பேச்சு ஊற்றெடுக்கும். குருவின் வீட்டில் என்ன உண்டார், எந்த அடியை அவரிடம் வாங்கினார், எந்த வித்துவானோடு வாசிக்க அஞ்சினார், சம்பளம் எவ்வளவு, எந்த வீதியில் எந்த இராகம் என்று சிறு சிறு கேள்விகளாற் செல்லுதல் நன்று. அவர் தாளம் போட்டுக் காட்டினால் இடைமறித்தலாகாது. மௌனமானால் அடுத்த கேள்விக்கு விரைதலும் ஆகாது. மிக அரிய சொற்கள் மௌனத்தின் பின்னரே வரும். பதிந்ததை அவருக்குப் போட்டுக் காட்டி, வெளியிட அவருடைய உடன்பாட்டைப் பெறுதல் கடமை. பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் பிற்காலத்தார்க்குப் பேருதவி.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் இசை மன்றங்களும் தமிழ் மன்றங்களும் ஆண்டுக்கு ஒரு கலைஞரையேனும் தேர்ந்து இப்பணியை ஏற்குமாயின், பத்தாண்டில் இக்குடாநாட்டின் இசை வரலாறு கலைஞர்களின் சொந்தக் குரலிலேயே எழுந்து நிற்கும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நம் தவிலைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கும் அது சீதனமாகும்.

ஒரு கலைஞர் மறைந்தபின் மலர்மாலையோடு செல்வதற்கு நாம் ஒருபோதும் பின்நிற்பதில்லை. அவர் இருக்கும்போதே அவருடைய வாசலுக்குச் சென்று, ஓர் ஆசனத்தை அவருக்கு முதலில் இட்டு, எதிரே அமர்ந்து கேட்பதே அதனினும் பெரிய மரியாதை.